சப்பரம் வெளியே வந்த வாசல்

முன் சீட்டுலயே உக்காருங்க சார், பின்னால ஏசி வராது. பையை மடியில வச்சுக்கிட வேண்டாம், கொடுங்க. என்ன இது, இந்தக் கனம் கனக்கு? ஓ, கான்கிரீட்டைத் தட்டிப் பாக்கிற மிஷினா. சரி சரி, பத்திரமா வைக்கேன்.

நான்தான் இஞ்ஞாசிமுத்து. ஆர்க்கிடெக்ட். ஆயர் இல்லத்துல சொல்லியிருப்பாங்க. நீங்க சோதிச்சு ரிப்போர்ட் எழுதப் போறீங்களே கருக்குவிளை மிக்கேல் சம்மனசு கோயில், அது நான் கட்டினதுதான். நீங்க டாக்ஸில வாரதா இருந்தீங்களாம், பங்குச் சாமியார் ஃபாதர் சிரில் சொன்னாரு. எதுக்கு டாக்ஸி, திருநெல்வேலி ஸ்டேஷன்ல நானே போய்க் கூட்டிட்டு வாரேன்னுட்டேன். கட்டினவனும் சோதிக்க வந்தவரும் ஒரே கார்ல வாரது முறையா இருக்குமான்னு அவரு இழுத்தாரு. ஒரு மணி நேரப் பாதை, இதுல என்ன முறை இருக்கு. பேசிக்கிட்டே போயிரலாம்.

ஒன்பதரைக்குப் பூசை. முடிய பதினொண்ணு ஆயிரும். அதுக்கு முன்னால போனா ஆளும் பேருமா இருக்கும், நீங்க ஒண்ணும் பாக்க முடியாது. மெதுவாவே போவோம். போற வழியில ஒரு கடையில ஆப்பம் நல்லாருக்கும். சாப்பிட்டுட்டீங்களா? ரயில்லயேவா? ரயில் சாப்பாடெல்லாம் ஒரு சாப்பாடா சார்.

பத்தொன்பது கோயில் சார். இருபத்தாறு வருசத்துல பத்தொன்பது கத்தோலிக்கக் கோயில். வீடு கட்டித் தாங்கன்னு வாரவங்களை வாசலோட அனுப்பியிருக்கேன். கல்யாண மண்டபம் கேட்டான் ஒருத்தன், முடியாதுன்னுட்டேன். என் வீட்டுக்காரி செலஸ்தீனா திட்டுவா, ஊர்ல எவனாவது இப்படி ஒரே தொழிலைக் கட்டிக்கிட்டு அழுவானாம்பா. அவளுக்கு என்ன தெரியும். ஒரு கோயில் எந்திரிச்சு நிக்கையில அதுக்குள்ள மொத ஆளா நின்னு பாக்கவன் யாரு? சாமியாருக்கு முன்னால, ஆயருக்கு முன்னால, நான்லா நிப்பேன்.

ஆனா நாம நினைச்ச மாதிரி கட்ட விடுவாங்களான்னா, அதான் இல்ல. எல்லாப் பங்குலயும் ஒரே கதை. நாம வரைபடத்தை விரிச்சு, வெளிச்சம் எங்கிருந்து வரும், காத்து எங்கிருந்து வரும்னு தொண்டை வறளச் சொல்லுவோம். எல்லாரும் தலையை ஆட்டுவாங்க. கடைசில பங்குப் பேரவையில ஒருத்தர் மெல்ல எந்திரிச்சு, எல்லாம் சரிதான், முன்பக்கம் மட்டும் வேளாங்கண்ணி மாதிரி இருக்கட்டும்பாரு. இன்னொருத்தர், பக்கத்தூருக் கோபுரத்தைவிட ஒரு முழமாவது உசரணும்பாரு. போட்டாச்சு. அதோட என் வெளிச்சமும் காத்தும் போச்சு. இதுல அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா சாமியாரை மாத்துவாங்க. அஸ்திவாரம் போட்டவரு ஒருத்தரு, கூரை போடுதவரு இன்னொருத்தரு, திறப்பு விழா மந்திரிப்புக்கு நிக்கவரு மூணாவது ஆளு. நான் மட்டும்தான் மாறாம நிக்கேன்.

கருக்குவிளை மட்டும் அப்படி இல்ல. அங்க நான் நினைச்சதை நினைச்ச மாதிரியே கட்டினேன். அப்ப இருந்த ஃபாதர் ததேயு தங்கமான மனுசன், உனக்குத் தெரிஞ்சதைச் செய்யி இஞ்ஞாசின்னுட்டாரு. உள்ள ஒரு தூண் கிடையாது. கடைசி வரிசையில இருக்கவனுக்கும் பீடம் தெரியும். அப்புறம் பாட்டுக்காரங்க மாடி. இப்பல்லாம் பாட்டுக்காரங்களைப் பீடத்துக்குப் பக்கத்துல கொண்டு வச்சிருதாங்க. நான் ஒத்துக்கிடலை. பாட்டு பின்னால இருந்து, தலைக்கு மேல இருந்து வரணும். அதனால தலைவாசலுக்கு மேலயே மாடி வச்சேன், அதுக்கு மேல மணிக்கோபுரம். நீங்க கேட்டுப் பாக்கணும் சார். பிள்ளைக மேல இருந்து பாட ஆரம்பிச்சா, கீழ இருக்கவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க, அப்படியே மேல பாப்பாங்க. நான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கேன்னா அந்த மாடிதான்.

விரிசலா? வாரேன், அதுக்குத்தானே வாரேன். கருக்குவிளைத் தண்ணி உப்புத் தண்ணி சார். பக்கத்துல கல்குவாரி வேற, வெடி வைக்கான். இந்த ஃபாதர் சிரில் வந்து என்ன பண்ணினாரு தெரியுமா, இருந்த மணியை எடுத்துட்டு அதைவிட ரெண்டு மடங்கு கனமா மணி வாங்கி மாட்டினாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? இல்ல. இம்புட்டுப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி நாலு. அது அதிர்ற அதிர்ச்சியில நம்ம பல்லே ஆடும், சுவர் ஆடாதா. அந்த எளவெல்லாம் யாரு கண்ணுலயும் படாது. கட்டினவன் ஒருத்தன் இருக்கான்லா, அவன் தலையில போடு.

உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. எனக்கு இப்ப நேரம் சரியில்ல. மறைமாவட்டத்துல பெரிய திருத்தலக் கோயில் ஒண்ணு வருது. ரெண்டாயிரம் பேரு உக்கார்ற கோயில். எட்டு மாசமா ராவும் பகலும் வரைஞ்சு கொடுத்திருக்கேன். எனக்கு அம்பத்தெட்டு வயசு. இதுதான் கடைசி, இதுக்காகத்தான் இத்தனை வருசமும்னு வச்சுக்கிடுங்களேன். அடுத்த வாரம் முடிவு சொல்லணும். இந்த நேரம் பாத்து கருக்குவிளையில ஒரு துண்டு பூச்சு பேந்து விழுந்து, நீங்க மிஷினைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. நீங்க ஒரு வரி எழுதினாப் போதும், என் ஆயுசுக்கும் தெருமுனையில ஒரு மாதா கெபி கட்டக்கூட எவனும் கூப்பிட மாட்டான். பூச்சு விரிசல், சாதாரணப் பராமரிப்பு போதும்னு நீங்க எழுதலாம்லா. பொய் எழுதச் சொல்லலை சார். உங்க வாய் அதைச் சொல்லாதான்னு ஒரு ஆசை.

என்ன போட்டோ அது, காட்டுங்க. ஆமா, தலைவாசல்தான். என் வரைபடமும் கையில வச்சிருக்கீங்க. நல்லா வீட்டுப்பாடம் செஞ்சுட்டுத்தான் வந்திருக்கீங்க. வரைபடத்துல வளைவா இருக்கு, போட்டோவுல நடுவுல மட்டும் மட்டமா மேல ஏறியிருக்குங்கீங்க. அது ஒரு கதை சார். அந்தக் கதையைக் கேட்டா நீங்களே சிரிப்பீங்க.

கருக்குவிளையில பத்தாம் திருவிழாவுக்கு மிக்கேல் சம்மனசு சப்பரத்துல வருவாரு. ரெக்கையை விரிச்சு, கையில வாளை ஓங்கிக்கிட்டு நிக்க சொரூபம். சப்பரத்தை நடுப்பீடத்துக்கு முன்னால வச்சுத்தான் தூக்குவாங்க. தூக்கினா தூக்கினதுதான். ஊரைச் சுத்தி வந்து அதே இடத்துல இறக்குத வரைக்கும் தோளை விட்டுக் கீழ வரக்கூடாது. ஆள் மாறும், தோள் மாறும், சப்பரம் இறங்காது. ஒரு காலத்துல நடுத்தெருவில இறக்கி வச்சாங்களாம், அந்த வருசம் காலராவுல பாதி ஊரு போச்சாம். நிசமோ பொய்யோ, அங்க போய் அதைப் பொய்னு சொல்லிட்டு முழுசா திரும்பி வர முடியாது.

வாசல் வைக்கும்போது நான் அளந்தேன் சார். அளக்காம விடுவேனா? சப்பரம் நிக்க கொட்டகைக்கே போய், சொரூபத்தை ஏத்தி வைக்கச் சொல்லி, டேப்பைப் பிடிச்சேன். வாள் நுனி வரைக்கும் பதினோரு அடி. தாராளமா இருக்கட்டும்னு ரெண்டு அடி சேத்துப் பதிமூணு அடியில வளைவு வச்சேன். தரையில நிக்க சப்பரத்தை அளந்தேன். தோள்ல ஏறின சப்பரத்தை அளக்கலை. தூக்குத கம்பு தரையிலேர்ந்து ரெண்டடி உசரத்துல இருக்கு, அது தோளுக்கு ஏறினா இன்னும் மூணடி கூடும்லா. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு. நானும் அப்படி ஒரு ஊர்ல பிறந்து, நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து சப்பரத்துக்குப் பின்னால போனவன்தான். என் புத்தி எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

இடிச்ச பழைய கோயிலுக்குப் பதினாறு அடியில வாசல் இருந்துச்சு. கோயில் இத்துனூண்டு, வாசல் மட்டும் அம்புட்டு உசரம். பாக்கவே அசிங்கம். ஒட்டகச்சிவிங்கியா பூசைக்கு வருதுன்னு கூட்டத்துல கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வியாகுலம்னு ஒரு அண்ணாச்சி, சப்பரம் தூக்குதவங்களுக்குத் தலைவரு, அவரு மட்டும் சிரிக்கலை. அப்பமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா? சொல்ல மாட்டாரு. நான் சொல்ல விடலைன்னு பிறகு ஊர்ல பேசிக்கிட்டாங்க. அது வீண் பேச்சு.

மொதத் திருவிழா. பாட்டுப்பூசை முடிஞ்சு, காலையில பதினொரு மணிக்குச் சப்பரம் தோள்ல ஏறிட்டு. பதினாறு பேரு. வெளிய வாணம் கொளுத்தியாச்சு, மேளம் அடிக்கான். வாசல்கிட்ட வந்ததும் வாள் போய் வளைவுல முட்டுச்சு. சத்தம் ஒண்ணும் பெரிசா இல்ல. ஆனா மேளம் நின்னுட்டு. வியாகுலம் அண்ணாச்சி தோளை எடுக்காமலே திரும்பி, எஞ்சினியரே, வாசல் பத்தலைன்னாரு. கோபமாகூட சொல்லலை. ஃபாதர் ததேயு ஓடி வந்து, கையில வாங்கித் தாழ்த்திப் பிடிச்சு வெளிய கொண்டு போயிருங்கப்பான்னு கெஞ்சினாரு. இறக்க மாட்டோம் சாமி, வேணும்னா வாசல் மேல ஏறட்டும்னாரு அண்ணாச்சி.

ரெண்டாயிரம் பேரு என்னையே பாக்காங்க. செலஸ்தீனா பொம்பளைங்க பக்கம் பட்டுச் சேலை கட்டி நிக்கா, அவளும் என்னையே பாக்கா. ஃபாதர் என் கையைப் பிடிச்சு, இஞ்ஞாசி, ஒரு அடிதானே, இதை எடுக்கலாமான்னாரு. எடுக்கலாம் ஃபாதர், அது அலங்கார வளைவுதான்னேன். கொத்தனார் மரியசிலுவை கூட்டத்துலதான் நின்னான். அவனை ஏணியில ஏத்திவிட்டேன். ஒன்றரை மணி நேரம் சார். தோள் மாத்தி மாத்தி நின்னாங்க, ஒருத்தன் இறக்கலை. பொம்பளைங்க செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சப்பரம் வெளிய வந்ததும் ஊரே கை தட்டுச்சு. எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. தப்பைத் தப்புன்னு உடனே சரி பண்ணினவன்னு ஃபாதர் மைக்குல சொன்னாரு. இவ்வளவுதான் கதை. நீங்க ஏன் சிரிக்க மாட்டேங்கீங்க?

வளைவுக்குள்ள உத்திரம் எதுவும் இல்லையான்னா? இல்லை, அதாவது உத்திரம் மேல, தள்ளி இருக்கு. வரைபடத்துல அப்படி இல்லையேங்கீங்க. வரைபடம் வேற, கட்டும்போது வேற சார். உங்களுக்குத் தெரியாததா. ஏசி கூட்டி வைக்கவா?

ஒன்பது வருசம் நிக்குது சார். நிக்கலையா? ஒன்பது திருவிழா ஆயிட்டு. நானே வருசா வருசம் போவேன், பூசை பாப்பேன். வெளிய வேப்பமரத்து நிழல்ல நின்னு பாப்பேன், காத்து நல்லா வரும். செலஸ்தீனாவும் என்கூட அங்கதான் நிப்பா, உள்ள வெக்கை ஒத்துக்கிடாதும்பா. என் மக கல்யாணத்தைக் கருக்குவிளையில வைக்கணும்னு ஃபாதர் ததேயு எவ்வளவோ கேட்டாரு. நான் தூத்துக்குடியில வச்சேன். அங்கதான் மண்டபம் பக்கம், சம்பந்தி வீட்டுக்கும் வசதி. மரியசிலுவைதான் அதுக்கப்புறம் என்கிட்ட வேலைக்கு வரலை. பதினொரு கோயில் என்கூடக் கட்டினவன். ஏன் வரலைன்னு நான் போய்க் கேக்கலை, அவனுக்கு வேற இடத்துல வேலை இருந்திருக்கும்.

ஏன் சார் அப்படிப் பாக்கீங்க?

நான் இப்ப என்ன சொல்லிட்டேன். வெளிய நிழல்ல நின்னேன்னுதானே சொன்னேன், உள்ள போகப் பயம்னா சொன்னேன்.

காரை ஓரம் கட்டுதேன். ஒரு நிமிசம் இருங்க.

அன்னைக்குக் கம்பி தெரியுது சார்னான் மரியசிலுவை. ஏணி மேல நின்னுக்கிட்டு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்க மாதிரி. அண்ணாந்து பாத்தேன். பெருவிரல் தண்டிக்கு நாலு கம்பி. நான் வரைஞ்ச கம்பி, நான் நின்னு கட்டச் சொன்ன கம்பி, மாடியையும் கோபுரத்தையும் தாங்குத கம்பி. அதுவும் பாரம் முழுக்க இறங்குத நட்டநடுவுல. எனக்குத் தெரியாதா? நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என்னைச் சிரிப்பாங்க, ஏசுவாங்க, அந்த ஊர்ல தலை காட்ட முடியாது, அவ்வளவுதான். வெட்டுன்னேன். அவன் திரும்பவும், சார், கம்பின்னான். வெட்டுலேன்னு சத்தம் போட்டேன். மறுவாரம் வாசல்ல துணியைக் கட்டி மறைச்சு, இரும்புப் பட்டை ஒண்ணை அடியில கொடுத்துப் பூசி, வெள்ளை அடிச்சுட்டு வந்தேன். அந்தப் பட்டைதான் இப்பத் துருப்பிடிச்சுப் பூச்சைத் தள்ளுது. உங்க மிஷின் தேவையே இல்ல. எனக்கே தெரியும்.

தம்பி, உங்களைத் தம்பின்னு கூப்பிடுதேன், கோச்சுக்கிடாதீங்க. இதை எழுதாதீங்க. நான் சரி பண்ணிருதேன். என் சொந்தச் செலவுல, முட்டுக் கொடுத்து, உத்திரத்தையே மாத்திருதேன். மூணு மாசம் கொடுங்க. திருத்தல வேலை என் கைக்கு வரட்டும், அது வந்த மறுநாளே ஆள் இறக்குதேன். இந்த ரிப்போர்ட் போனா பத்தொன்பது ஊர்லயும் ஜனங்க பூசையை விட்டுட்டு அண்ணாந்து பாப்பாங்க தம்பி. இருபத்தாறு வருசம் ஒண்ணுமில்லாமப் போயிரும்.

என்ன, மாடியில இப்ப யாரும் ஏறுதாங்களான்னா?

ஏறுவாங்க. பாட்டுக்காரங்க பதினஞ்சு பேரு. விரிசலைப் பாத்ததும் ஃபாதர் சிரில் எனக்குப் போன் போட்டுக் கேட்டாரு, ரெண்டு வாரத்துக்கு முன்னால, பிள்ளைகளை ஏத்தலாமான்னு. வெறும் பூச்சுதான் ஃபாதர், ஏறட்டும்னேன். வேற என்ன சொல்லுவேன்? ஏத்தாதீங்கன்னா ஏன்னு கேப்பாரே. இன்னைக்கு, இன்னைக்குக் குழந்தைகள் ஞாயிறு. ஞாயிறு வகுப்புப் பிள்ளைக எல்லாம் மேல நின்னு பாடுதாங்களாம். அறுபது பிள்ளைக.

அதான் சொல்லுதேன்லா, ஒன்பது வருசம் நின்னது ஒன்றரை மணி நேரம் நிக்காதா. ஏன் கதவைத் திறக்கீங்க? நடந்தா போகப் போறீங்க, இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கு. நீங்க போன் போட வேண்டாம். இருங்க. நீங்க போட்டா அவரு ஆயிரம் கேள்வி கேப்பாரு, நான் போடுதேன். மணி ஒன்பது பதினஞ்சு, இன்னும் பூசைக்கு இறங்கியிருக்க மாட்டாரு. பிள்ளைகளைக் கீழ இறக்கணும், அவ்வளவுதானே. நான் இறக்குதேன். எப்படி இறக்கினா என்ன.

ஹலோ, ஃபாதர், இஞ்ஞாசி பேசுதேன். வந்துட்டார் ஃபாதர், பக்கத்துல இருக்காரு. வந்துகிட்டே இருக்கோம். ஒரு சின்ன விசயம். பிள்ளைக மேல ஏறிட்டாங்களா? சரி. அவங்களைக் கீழ இறக்கிருங்க. இல்ல இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல. போன வாரம் வந்தப்பம் பாத்தேன், மாடிக் கூரையில குளவி கூடு வச்சிருக்கு. பெரிய கூடு. சொல்ல மறந்துட்டேன். ஸ்பீக்கர் சத்தத்துக்குக் கலைஞ்சுதுன்னா பிள்ளைகளைக் கொட்டிரும். கீழ நின்னே பாடட்டும். சரி ஃபாதர். நன்றி ஃபாதர்.

பாத்தீங்களா. முடிஞ்சுது. ஒரு பொய், யாருக்கும் நஷ்டமில்ல. இறக்குதேன்னுட்டாரு. தண்ணி குடிக்கீங்களா?

அவருதான் திரும்பக் கூப்பிடுதாரு.

சொல்லுங்க ஃபாதர். இறங்கிட்டாங்களா. நல்லது. என்னது? யாரை? எதுக்கு ஃபாதர்? பூசைக்கு முன்னால கூட்டை எடுத்துருதாங்களா? வேண்டாம் ஃபாதர், பிறகு பாத்துக்கிடலாம். எத்தனை பேரு? சப்பரம் தூக்குதவங்களா, பதினாறு பேருமா? அவங்க எதுக்கு எல்லாரும். வேண்டாம் ஃபாதர், தீப்பந்தம் எல்லாம் வேண்டாம். ஏணியோடவா? ஃபாதர், கேளுங்க. ஒரு நிமிசம் கேளுங்க. அவங்க இப்ப எங்க நிக்காங்க? படியிலயா? நிறுத்துங்க. ஃபாதர், வியாகுலம் அண்ணாச்சிக்குச் சத்தம் கொடுங்க, ஏறாதீங்கன்னு சொல்லுங்க, மொதல்ல அதைச் சொல்லுங்க, சொல்லிட்டுப் பேசுங்க.

சொல்லிட்டீங்களா? எல்லாரும் இறங்கிட்டாங்களா?

குளவி இல்ல ஃபாதர். கூடு ஒண்ணும் இல்ல. தலைவாசலைப் பூட்டுங்க, ஜனங்களைப் பக்கவாட்டு வாசல் வழியா வெளிய அனுப்புங்க. பூசையை மரத்தடியில வச்சுக்கிடுங்க. இல்ல, சார் ஒண்ணும் சொல்லலை. அவரு இன்னும் பாக்கவே இல்லையே. நான்தான் சொல்லுதேன். தலைவாசல் உத்திரத்துல கம்பி இல்ல ஃபாதர். மொதத் திருவிழா அன்னைக்கு நான்தான் வெட்டச் சொன்னேன். அலங்கார வளைவுன்னு ஃபாதர் ததேயுகிட்ட நான் சொன்னது பொய். ஆமா. தெரியும். நேத்து இல்ல, முந்தாநாள் இல்ல. அன்னைக்கே தெரியும் ஃபாதர்.

வச்சுட்டாரு.

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா தம்பி? இந்த இடத்துல மாறி உக்காருங்க. நான் ஓட்டினா வழியில எங்கயாவது திருப்பிருவேன். நேராப் போங்க, ரெண்டாவது பாலத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பணும். பூசை முடியறதுக்குள்ள போயிருவோம். எல்லாரும் வெளியதான் நிப்பாங்க.